கறுப்புக் குடை ஒன்று, ஈரம்

வெளியே மழை பெய்கிறதா என்று அவரைக் கேட்டால், "சத்தம் கேக்குது" என்பார். மழைதானே தீதி என்று மறுபடி கேட்டால், "நான் பாக்கல தம்பி" என்பார். அதோடு விடவும் மாட்டார். எழுந்து போய், ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கை நனைந்த பிறகு திரும்பி வந்து, "ஆமா, மழைதான்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். என் அறைக்கு ஜன்னல் கிடையாது. மழை, வெயில், ரயில் எல்லாவற்றுக்கும் நான் அவரைத்தான் நம்பியிருந்தேன். டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், முதல் மாடியில், இரண்டே அறை கொண்ட ஆபீஸ் எங்களுடையது. ஐந்து பத்து லோக்கல் போய்விட்டதா என்று உள்ளிருந்து குரல் கொடுப்பேன். "ஒரு வண்டி போச்சு. எந்த வண்டின்னு பாக்கல." இந்தப் பதிலை நம்பி நான் தவறவிட்ட வண்டிகளும் உண்டு, ஏற்கெனவே போய்விட்ட வண்டிக்காக ஓடிய நாட்களும் உண்டு.

சிறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கான சங்கம் அது. கொடி பிடிக்கிற சங்கம் இல்லை. காவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு, மூன்று மாதத்துக்கு ஓர் இதழ், வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கு. புதன்கிழமை சாயங்காலம் டியூட்டி இல்லாதவர்கள் வந்து டீ குடித்துப் பேசிவிட்டுப் போவார்கள். பகல் முழுக்கப் பூட்டும் சாவியுமாக இருக்கிறவர்களுக்கு, பூட்டாத ஓர் அறையில் உட்கார்வதே பெரிய விஷயம் என்று ஆரம்பித்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் கம்பெனி நாற்பத்தொரு வயதில் என்னை வீட்டுக்கு அனுப்பியது. மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. ஊருக்குத் திரும்ப முடியாது. சங்கத்தை நவீனப்படுத்த ஆள் வேண்டும் என்றார்கள். நவீனம் என்றால் நான்தான் என்று போய் நின்றேன். 'நிர்வாக அலுவலர்' என்று இரண்டு நிறத்தில் ஒரு பெயர்ப்பலகை செய்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வாசல் மேஜையில் இருந்த அவரிடம் போய்ப் பேசினார்கள்.

அவர் பெண்கள் சிறையில் முப்பது வருஷத்துக்கு மேல் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்த தமிழ்ப் பெண். அப்போது காளிகாட்டில் தனியாகக் குடியிருந்தார். தமிழைவிட வங்காளம்தான் அவருக்குச் சரளம். உறுப்பினர்கள் எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. எனக்கும் அப்படியே ஆனார். சம்பளம் வாங்காமல் தினமும் பத்து மணிக்கு வந்து, வாசல் மேஜையில் ஒரு நீளமான சிவப்பு அட்டை நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கேட் புக் என்று அதற்குப் பெயர். சிறை வாசலில் இருக்கிற மாதிரியே. யார் வந்தார், எத்தனை மணிக்கு, கையில் என்ன, எத்தனை மணிக்கு வெளியே போனார், போகும்போது கையில் என்ன. சங்கத்துக்கு எதற்கு இது என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் வருகிறவர்கள் எல்லோரும் சிறைக்காரர்கள். சங்கத் தலைவர்கூட மாடியேறி வந்ததும் தன் பையைத் திறந்து காட்டிவிட்டு நிற்பார். யாரும் காட்டச் சொல்வதில்லை. சிலர் வெறுமனே சாத்தியிருக்கிற கதவின் முன்னால் வந்து நின்று, உள்ளேயிருந்து யாராவது திறக்கும்வரை காத்திருப்பார்கள். தள்ளினால் திறக்கும் கதவு என்பது அவர்களுக்குத் தோன்றாது.

நான் சேர்ந்த மாதமே அந்த நோட்டை ஒழித்துக்கட்ட முடிவு செய்தேன். வருகைப் பதிவுக்கு ஒரு கியூஆர் கோடு தயாரித்து வாசலில் ஒட்டினேன். அவர் அதை ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம், "ஷோனோ, கேளுங்க தம்பி, இத வீட்லேந்தே போட்டோ எடுத்து அழுத்துனா வந்த மாதிரி காட்டுமா?" என்றார். காட்டும் என்றேன். "அப்ப இதுக்கு ஆள் வந்தாரான்னு தெரியாது. போன் வந்துச்சான்னுதான் தெரியும்." மறுநாள் அந்தக் காகிதம் மழைச்சாரலில் உரிந்து விழுந்தது. நானும் திரும்ப ஒட்டவில்லை.

எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை லீவு போட்டேன். மறுநாள் நோட்டைப் புரட்டினால், 'காய்ச்சல் என்று போனில் சொன்னார்' என்று எழுதியிருந்தது. என் காய்ச்சல் பொய்தான். ஆனாலும் அதை அப்படி எழுதிப் பார்த்ததும் கோபம் வந்தது. பொய் சொன்னவனுக்குத்தானே ரோஷம் அதிகம்.

உறுப்பினர் ஒருவர் தன் மகனுக்குப் பெண் பார்த்தார். பெண் வீடு காளிகாட்டில், தீதி குடியிருந்த அதே சந்து. "பெண் எப்படி தீதி?" என்று ஆசையோடு வந்து கேட்டார். தீதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு தடவ பாத்தேன். ரெண்டு தடவையும் நல்ல பொண்ணா இருந்தா. மத்த நாள் எனக்குத் தெரியாது" என்றார். கேட்டவர் முகம் தொங்கிப்போனது. எப்படியோ கல்யாணம் நடந்தது. உங்களைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். "பத்திரிகை வரல" என்றார். கூப்பிடவில்லை என்று சொல்லவே இல்லை.

இப்படிப்பட்டவரைப் பற்றி எங்கள் இதழில் ஒரு கட்டுரை எழுதி என் திறமையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதால் நேர்ந்த ஏதாவது விபரீதம், அவர் மனதில் ஆறாத காயம், அந்த மாதிரி. எப்படி வந்தது இந்தக் குணம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "எங்கப்பா கேபின்மேன்" என்றார். ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை. வண்டி கடந்து போனதும் எழுதிவிட முடியாதாம். கடைசிப் பெட்டியின் முதுகில் ஓர் அடையாளம் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாகப் போனது என்று எழுத வேண்டும். பார்க்காவிட்டால் பாதி ரயில் பின்னாலேயே அறுந்து நின்றாலும் தெரியாது. "அப்பா வீட்லயும் அப்படித்தான். நான் சாப்ட்டேன்னு சொன்னா தட்டப் பாப்பார்." வேறு ஏதாவது? "வேற ஒண்ணுமில்ல."

காயம் எதுவும் கிடைக்காததால் நானே ஒன்றைக் கற்பனை செய்து நாலு பக்கம் எழுதினேன். இருள், இரும்புக் கம்பி, கண்ணீர் எல்லாம் தாராளமாக இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்து, "இதெல்லாம் நீங்க பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். கோடு போடாமல் மிஞ்சியது மூன்று வரி. அவர் பெயர், வேலையில் சேர்ந்தது, ஓய்வு பெற்றது. அந்த இதழில் அந்தப் பக்கத்துக்கு ஒரு ரோஜாப்பூவின் படத்தைப் போட்டோம்.

இனி சொல்லப் போவதைச் சொல்லாமல் தவிர்க்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கரக்பூரில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போகிறேன் என்று தீதி நோட்டை என்னிடம் கொடுத்தார். "நாளைக்கு நீங்க பாருங்க." போகும் முன், தினமும் எழுதும் கடைசி வரியை அன்றும் எழுதினார்: 'எல்லோரும் வெளியே. உள்ளே எதுவும் விட்டுப் போகவில்லை.'

புதன்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிவரை ஒருவரும் வரவில்லை. இந்த மழையில் எவன் வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேக் மார்க்கெட்டில் நான் வழக்கமாகப் போகும் கடையில் மழை நாளில் தோசை ஒரு சுற்று கூடுதல் முறுகலாக இருக்கும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டாமல் சாத்திவைத்துவிட்டுப் போனேன். இரண்டு தோசை, காபி, வீட்டுக்குக் கொஞ்சம் அப்பளம், காபிப் பொடி. திரும்பி வரும்போது ஆறரை. மழை விட்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

நோட்டின் நினைவு ராத்திரி படுக்கும்போதுதான் வந்தது. மறுநாள் தீதி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தேன். காலியான பக்கத்தைக் காட்டினால் நான் எங்கே இருந்தேன் என்ற கேள்வி வரும். புதன்கிழமை வழக்கமாக வரும் எட்டுப் பேரை எழுதினேன். எல்லோரும் உள்ளே நாலு மணி, வெளியே ஆறு மணி. எப்போதாவது வரும் சிறை அதிகாரி ஒருவர் உண்டு. பெரிய அதிகாரி வரவில்லை என்று காட்டுவது மரியாதைக் குறைவாகப் பட்டது. அவரையும் ஒன்பதாவதாகச் சேர்த்தேன். என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக வந்தது.

பத்து மணிக்கு தீதி வந்து படித்தார். "அவ்ளோ மழைல எல்லாரும் நாலு மணிக்கே வந்துட்டாங்களா?"

"வந்தாங்க தீதி."

"நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

அவர் கதவுக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்தார், தொட்டுப் பார்த்தார், வந்து என் அழகான பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதினார்: 'காலை பத்து ஐந்து. கதவுக்குப் பின்னால் கறுப்புக் குடை ஒன்று, மரப்பிடி, பிடியில் மஞ்சள் டேப். ஈரம். யாருடையது என்று தெரியவில்லை.'

மஞ்சள் டேப் சுற்றிய குடை தபனுடையது என்பது அந்தச் சந்துக்கே தெரியும். தபன் ஒரு சிறைக் காவலர், எட்டுப் பேரில் ஒருவர். "தபன் குடைதானே தீதி, பேரை எழுதிடுங்க" என்றேன். "அவர் வச்சுட்டுப் போனத நான் பாக்கலையே" என்றார். அன்று வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. நீங்க எங்க இருந்தீங்க அப்போ, என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

திங்கட்கிழமை தபன் வந்து குடையை எடுத்துப் போனார். 'தன்னுடையது என்றார்' என்று அதற்கும் ஒரு வரி விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து தபனை சஸ்பெண்ட் செய்தார்கள். துறைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருந்தது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, சிறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், ஒரு கைதியின் தம்பியிடமிருந்து தபன் செல்போன் பொட்டலம் வாங்கினார் என்று. நிரூபணமானால் வேலை போகும், கேஸும் வரும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தபன் எங்கள் ஆபீஸில் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "அன்றைக்கு நான் இங்கேதான் வந்தேன் தீதி. துறைக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று வங்காளத்தில் சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

நன்றி சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் நோட்டுப் பக்கம்தானே அவரைக் காப்பாற்றப் போகிறது. ஒரு சின்னப் பொய்யால் ஒரு குடும்பம் பிழைக்கிறது என்றால் அந்தப் பொய்க்கே ஒரு தகுதி வந்துவிடுகிறது இல்லையா. இரண்டு நாள் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விசாரணைக்கு வந்தவர் வேறு யாருமில்லை, நான் மரியாதைக்குச் சேர்த்த அந்த ஒன்பதாவது அதிகாரிதான். மாடியேறி வந்து, பழக்கதோஷத்தில் பையைத் திறந்து காட்டிவிட்டு, உட்கார்ந்தார். நோட்டைக் கேட்டார். நானே பக்கத்தைத் திறந்து அவர்முன் வைத்தேன். எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"அன்று நீங்கள் இருந்தீர்களா?"

"இருந்தேன் சார்."

"தபனைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார். நாலு மணிக்கு வந்தார், ஆறு மணிக்குப் போனார்."

அவர் விரலை மெதுவாகக் கீழே இறக்கினார். "அப்படியானால் என்னையும் பார்த்திருப்பீர்கள்" என்றார். "நான் அன்று சிலிகுரியில் இருந்தேன்."

ஏதோ துண்டுச் சீட்டிலிருந்து பார்த்து எழுதியதில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று உளறினேன். அவர் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தபன் எழுதிக் கொடுத்தது. அதை வாய்விட்டுப் படித்தார். 'நாலரை மணிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, விளக்கு எரிந்தது, ஆபீஸில் யாருமே இல்லை. மழை விடும்வரை ஒன்றரை மணி நேரம் தனியாகப் பேப்பர் படித்துவிட்டுக் கிளம்பினேன்.' படித்துவிட்டு நோட்டைத் தட்டினார். "அவர் யாருமே இல்லை என்கிறார். உங்கள் நோட்டு ஒன்பது பேர் இருந்தார்கள் என்கிறது. இரண்டில் ஒன்று பொய். என் பெயர் மட்டும் தவறி விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும், நோட்டே பொய் என்று நான் எழுத முடியாது, இது இத்தனை வருஷமாக நம்பிக்கையான நோட்டு."

தபனை நான் காப்பாற்றவில்லை, மூழ்கடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் என்னிடம் சொல்ல வந்து நிறுத்தியதும் இதுதான். நான் ஆபீஸில் இல்லை என்பதை என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்குச் சங்கடம்.

அதிகாரி தீதி பக்கம் திரும்பினார். "தீதி, இந்தப் பக்கம் உண்மையா?"

"நான் பாக்கல" என்றார். "நான் பாத்தது அடுத்த பக்கத்துல இருக்கு."

அதிகாரி புரட்டினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உள்ளே எதுவும் விட்டுப் போகவில்லை. வியாழக்கிழமை காலை கறுப்புக் குடை ஒன்று, மஞ்சள் டேப், ஈரம். திங்கட்கிழமை தபன் எடுத்துப் போனார். மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தார். "அப்படியானால் தபன் புதன்கிழமை இங்கே வந்திருக்கிறார்."

"குடை வந்துருக்கு. ஆளை நான் பாக்கல." ஒரு மனிதனின் வேலை போகப் போகிற நேரத்திலும் அவரால் அதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்ல முடியவில்லை. எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. வந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன.

"குடையை வேறு யாராவது கொண்டுவந்து வைத்திருக்கலாம். அன்று இத்தனை பேர் இருந்ததாக நோட்டு சொல்கிறதே" என்றார் அதிகாரி.

தீதி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவாரே, அந்த முகம். "தம்பி, அன்னிக்கு நீங்க என்ன பாத்தீங்க?"

பெயர்ப்பலகை என் அறையில் இருந்தது. நாங்கள் இருந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது. "தோசையைத்தான் பாத்தேன் தீதி" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி, லேக் மார்க்கெட், பூட்டாத கதவு, எரிந்துகொண்டிருந்த விளக்கு, காலையில் தனியாக உட்கார்ந்து எழுதிய ஒன்பது பேர். அதிகாரி எழுதிக்கொண்டே, எத்தனை தோசை என்றுகூடக் கேட்டார். இரண்டு என்றேன். என் பதிலையும் ஒரு தனித் தாளில் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த ஆபீஸில் நான் எழுதிய முதல் உண்மையான பக்கம் அது. கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

பூட்டாத கதவும் எரிந்த விளக்கும் தபன் எழுதிக் கொடுத்ததோடு அப்படியே பொருந்தின; சில வாரத்தில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என்னை யாரும் போகச் சொல்லவில்லை. புதன்கிழமைகளில் வருகிறவர்கள் முன்னைவிட மரியாதையாகவே பேசினார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. வேறு இடத்தில் ஒரு வேலை அமைந்ததும் கிளம்பிவிட்டேன்.

கடைசி நாள் தீதியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். நான் நல்லவன்தான், எல்லோரும் செய்கிற தப்புதான், ஏதாவது. "போன வருஷம் சேந்தீங்க. இன்னிக்குப் போறீங்க. அச்சா" என்றார். பையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்துக்கொண்டார்.

நான் கீழே இறங்கி ஆட்டோவில் ஏறிய பிறகு பார்த்தால், அவரும் மெல்லக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி சந்துவரை வந்து நின்றார். மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதியிருக்கலாம். கையசைக்கவில்லை. ஆட்டோ ஸ்டேஷன் பக்கம் திரும்பும்வரை அதன் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து தபன் கேட் புக்கில் அந்த நாளின் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல். கிளம்பும்போது நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், தெரிந்திருக்காது என்று நினைத்திருந்தேன்.

'நிர்வாக அலுவலர். வெளியே: ஐந்து இருபது. எடுத்துப் போனது: பெயர்ப்பலகை ஒன்று, டீ கப் ஒன்று. கண்ணில் ஈரம். காரணம் தெரியவில்லை.'